மண் எங்கே போகிறது? பள்ளி வளாகத்திலேயே செய்து பார்க்க ஒரு வழிகாட்டி

ஆறாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை படிக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். கூட இருந்து செய்யப்போகும் ஆசிரியர்களும் பெற்றோரும் படிக்கலாம்.

பாறைச் சிதைவு, மண் அரிப்பு, மண் பாதுகாப்பு என்று பாடப்புத்தகத்தில் தனித்தனித் தலைப்புகளாக வரும். உண்மையில் இது ஒரே கதை. பாறை உடைந்து, கரைந்து, உளுத்து மண்ணாகிறது. அந்த மண்ணை நீரோ காற்றோ தூக்கிக்கொண்டு போகிறது. போகாமல் பிடித்துவைக்க மனிதர்கள் வழி தேடுகிறார்கள். இதில் கவனிக்க வேண்டியது வேகம். ஒரு சென்டிமீட்டர் மேல்மண் உருவாகச் சில நூறு ஆண்டுகள் பிடிக்கும். மூடாத சரிவில் ஒரு பருவத்து மழையே அதில் பெரும்பங்கைக் கொண்டுபோய்விடும். மண் பாதுகாப்பு ஏன் அவசரமான வேலை என்பதற்குக் காரணம் இதுதான்.

செலவு அதிகம் ஆகாது. காலி தண்ணீர் பாட்டில்கள், மூடியுள்ள கண்ணாடிப் பாட்டில், அளவுகோல், முட்டை ஓடு, வினிகர், கொஞ்சம் கற்கண்டு, பழைய வேட்டித் துணி, சமையலறையில் வைக்கும் சின்ன டிஜிட்டல் தராசு, மூன்று குச்சி, ஒரு நூல் இருந்தால் போதும்.

முதல் படி: மழை விட்ட மறுநாள் ஒரு சுற்று

சோதனை எதையும் தொடங்குவதற்கு முன் பள்ளி வளாகத்தைச் சுற்றி வாருங்கள். மழை பெய்த மறுநாள் காலை சரியான நேரம். கையில் நோட்டும் பென்சிலும் அளவுகோலும் இருக்கட்டும்.

முதலில் சுற்றுச்சுவரின் அடிப்பகுதியைப் பாருங்கள். வெள்ளையடித்த சுவரில் தரையிலிருந்து ஓரடி, ஒன்றரை அடி உயரம் வரை செம்மண் புள்ளிகள் தெறித்திருக்கும். யாரும் சேற்றை வாரி அடிக்கவில்லை, மழைத்துளிகள் செய்த வேலை அது. பெரிய மழைத்துளி நொடிக்கு ஏறக்குறைய 9 மீட்டர் வேகத்தில் தரையில் மோதுகிறது. மணிக்கு 30 கிலோமீட்டருக்கு மேல் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த அடியில் மண்துகள்கள் 60 சென்டிமீட்டர் உயரம் வரைகூடத் துள்ளும். புள்ளிகள் எவ்வளவு உயரம் போயிருக்கின்றன என்று அளந்து எழுதுங்கள். சுவரை ஒட்டிப் புல் இருக்கும் இடத்தையும் வெறும் தரையாக இருக்கும் இடத்தையும் தனித்தனியாக அளக்க வேண்டும். இந்த இரண்டு எண்களும் பின்னால் உதவும்.

அப்புறம் விளையாட்டு மைதானத்தின் ஓரத்துக்குப் போய் உட்கார்ந்து, முகத்தைத் தரைக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பாருங்கள். நின்றுகொண்டு பார்த்தால் தெரியாது. சின்னச் சின்னக் கற்கள், புளியங்கொட்டை, பாட்டில் மூடி என்று கிடக்கும் ஒவ்வொன்றும் குட்டி மண் பீடத்தின் மேல் நின்றுகொண்டிருக்கும். அரை சென்டிமீட்டர், சில இடத்தில் ஒரு சென்டிமீட்டர் உயரம் இருக்கலாம். கல்லுக்கு அடியில் இருந்த மண் துளியின் அடியிலிருந்து தப்பித்தது, சுற்றியிருந்தது போய்விட்டது. பீடத்தின் உயரம்தான் அந்த இடத்தில் இழந்த மண்ணின் உயரம். மண் அரிப்பை அளக்க இதைவிட எளிய கருவி கிடையாது, மழையே செய்து வைத்துவிட்டுப் போயிருக்கிறது.

கூரைத் தண்ணீர் கொட்டும் இடத்திலிருந்து தண்ணீர் போன வழியைப் பின்தொடருங்கள். முதலில் தடமே தெரியாமல் மண் மெல்லிய படலமாகப் போயிருக்கும். கொஞ்சதூரத்தில் விரல் அகலத்துக்குச் சின்னச் சின்ன ஓடைகள் தோன்றும். அவை ஒன்றோடொன்று சேர்ந்து பள்ளமாகும். புத்தகத்தில் படிக்கும் படல அரிப்பு, ஓடை அரிப்பு, நீர்ப்பள்ள அரிப்பு எல்லாம் இருபது மீட்டருக்குள் வரிசையாகக் கிடைக்கும். கடைசியில் வாசல் கதவு அருகே தண்ணீர் தேங்கிய பள்ளத்தில் வழவழப்பான சேறு படிந்து, காய்ந்தபின் ஓடு ஓடாக வெடித்திருக்கும். அங்கே நடந்தது படிதல். மேலே காணாமல் போனதில் ஒரு பங்கு இங்கே வந்திருக்கிறது. இதையெல்லாம் ஒரு பக்கத்தில் வரைபடமாகப் போட்டுக்கொள்ளுங்கள். தண்ணீர் ஓடும் திசைக்கு அம்புக்குறி போட மறக்காதீர்கள்.

ஒரு எச்சரிக்கை: இந்தச் சுற்று பள்ளிக்குள்தான். ஆற்றங்கரை, கல்குவாரி, ஓடைப்பள்ளம் பக்கம் பெரியவர்கள் இல்லாமல் போகக்கூடாது. மழை நேரத்தில் கரை திடீரென்று சரியும்.

இரண்டாம் படி: கல் எப்படி மண்ணாகிறது

கட்டட வேலை நடக்கும் இடத்திலிருந்து கிரானைட் ஜல்லி ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். புதிதாக உடைந்த முகத்தை வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தால் கண்ணாடித் துண்டு மாதிரி மின்னும் மணிகள் தெரியும், அவை குவார்ட்ஸ். வெள்ளையாகவோ இளஞ்சிவப்பாகவோ தட்டையான முகத்தோடு இருப்பது ஃபெல்ஸ்பார். கருப்புப் பொட்டுகள் இரும்புச் சத்துள்ள கனிமங்கள்.

இந்த மூன்றும் ஒரே மாதிரி அழிவதில்லை. மழைநீர் காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடைக் கரைத்துக்கொண்டு லேசான அமிலமாகத்தான் தரைக்கு வருகிறது. அந்த நீர் படப்பட ஃபெல்ஸ்பார் மெல்ல மெல்லக் களிமண்ணாக மாறும். கருப்புக் கனிமங்களிலுள்ள இரும்பு துருப்பிடித்து மண்ணுக்குச் சிவப்பு நிறம் தரும். குவார்ட்ஸ் மட்டும் அசராமல் மணலாக மிஞ்சும். ஆக, மணலும் களியும் செந்நிறமும் கலந்த நம் செம்மண்ணின் மூலப்பொருள் எல்லாம் அந்த ஒரு ஜல்லியில் இருக்கிறது.

வேதியியல் சிதைவைக் கண்ணால் பார்க்க, டம்ளரில் வினிகர் ஊற்றி முட்டை ஓட்டைப் போடுங்கள். குமிழி குமிழியாக வரும், ஓரிரு நாளில் ஓடு கரைந்து மெல்லிய சவ்வு மட்டும் மிஞ்சும். ஓட்டில் இருப்பது கால்சியம் கார்பனேட், அரியலூர்ப் பக்கம் சிமென்ட்டுக்காக வெட்டியெடுக்கும் சுண்ணாம்புக்கல்லிலும் அதுதான். பல புத்தகங்களில் இந்தச் சோதனைக்குச் சாக்பீஸ் போடச் சொல்லியிருப்பார்கள். இப்போது கடையில் கிடைக்கும் சாக்பீஸ் பெரும்பாலும் ஜிப்சத்தில் செய்தது, வினிகரில் பொங்காது. கடற்கரைக் கிளிஞ்சல் கிடைத்தால் அதையும் போட்டுப் பார்க்கலாம்.

இயற்பியல் சிதைவுக்குப் புத்தகங்கள் முதலில் சொல்லும் உதாரணம் பனி. தண்ணீர் உறையும்போது ஏறக்குறைய 9 சதவீதம் விரிவதால் பாறை வெடிப்புகளை அகலப்படுத்தும். லடாக்கில் அது பெரிய சக்தி. நம் சமவெளியில் வெயிலும் ஈரமும் மாறி மாறி வருவது, கடலோரத்தில் உப்பு, எல்லா இடத்திலும் வேர் ஆகியவைதான் அந்த வேலையைச் செய்கின்றன. பழைய கோபுரத்திலோ மதிலிலோ பறவை எச்சத்தில் விழுந்த அரச விதை முளைத்து, வேர் கல்லைப் பிளந்து நிற்பதைப் பார்க்காதவர்கள் இருக்க மாட்டீர்கள்.

உப்பின் வேலையைப் பார்க்க மாமல்லபுரத்தை விட நல்ல வகுப்பறை இல்லை. சுற்றுலா போனால் சிற்பங்களைப் பார்ப்பதோடு கல்லின் மேற்பரப்பையும் பாருங்கள். ஐந்து ரதங்கள் 7ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. கடற்கரைக் கோயில் அதற்குப் பிறகு, 8ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பல்லவ மன்னன் ராஜசிம்மன் காலத்தில் கட்டப்பட்டது. வயதில் மூத்த ரதங்களின் உருவங்கள் இன்னும் கூர்மையாக இருக்கின்றன. இளைய கோயிலின் வெளிச்சுவர்ச் சிற்பங்கள் பலவற்றில் முகமே தேய்ந்துவிட்டது. ரதங்கள் கடலிலிருந்து சற்று உள்ளே தள்ளி இருக்கின்றன, கோயிலோ அலையின் ஓரத்தில் நிற்கிறது. அலைத் திவலையில் வரும் உப்பு கல்லின் நுண்துளைகளுக்குள் புகுந்து, காயும்போது படிகமாக வளர்ந்து, உள்ளிருந்தே கல்லை உடைக்கிறது. மணலை வாரி அடிக்கும் காற்றும் கூடச் சேர்ந்துகொள்கிறது. எத்தனை வருடம் என்பதோடு எந்த இடம் என்பதும் சிதைவைத் தீர்மானிக்கும் என்று இங்கே நேரிலேயே தெரிந்துகொள்ளலாம். கோயிலைக் காக்கக் கடலோரம் பாறைகளைக் கொட்டித் தடுப்பு போட்டிருப்பதையும், சுற்றிலும் சவுக்கு வைத்திருப்பதையும் கவனியுங்கள்.

அங்கேயே இருக்கும் வெண்ணெய் உருண்டைப் பாறை ஏன் உருண்டையாக இருக்கிறது? இதற்குத்தான் கற்கண்டு. முனை கூர்மையான பெரிய கற்கண்டுத் துண்டு ஒன்றை எடுத்து, அதன் வெளிக்கோட்டைத் தாளில் வரைந்துகொள்ளுங்கள். டம்ளர் தண்ணீரில் அசையாமல் ஒரு நிமிடம் வைத்து எடுத்து, திரும்ப வரையுங்கள். இப்படி நான்கைந்து முறை செய்தால் மூலைகள் முதலில் மழுங்குவது தெரியும். மூலையைத் தண்ணீர் மூன்று பக்கத்திலிருந்து தாக்குகிறது, விளிம்பை இரண்டு பக்கத்திலிருந்து, தட்டையான முகத்தை ஒரே பக்கத்திலிருந்து. பாறைக்கும் இதே கணக்குதான்.

மூன்றாம் படி: உங்கள் மண்ணில் என்ன இருக்கிறது

கண்ணாடிப் பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு மண்ணைப் போடுங்கள். கல், வேர், இலைகளை முன்பே சலித்து எடுத்துவிட வேண்டும். கழுத்து வரை தண்ணீர் ஊற்றி, ஒரு சிட்டிகை சலவைத்தூள் சேர்த்து, மூடி, ஐந்து நிமிடம் நன்றாகக் குலுக்கி ஆடாத இடத்தில் வையுங்கள். சலவைத்தூள் எதற்கு என்றால், ஒட்டிக்கொண்டிருக்கும் களித்துகள்களைப் பிரிக்க.

மணல் ஒரு நிமிடத்தில் அடியில் உட்கார்ந்துவிடும். அந்த மட்டத்தில் பாட்டிலின் மேல் கோடு போடுங்கள். இரண்டு மணி நேரத்தில் வண்டல் உட்காரும், அங்கே அடுத்த கோடு. களி உட்கார ஒரு நாளோ அதற்கு மேலோ ஆகும். மொத்த உயரம் 8 செ.மீ., அதில் மணல் 5 செ.மீ. என்றால் மணல் 62.5 சதவீதம். மிச்சத்தையும் இப்படியே கணக்கிடலாம்.

இந்த எண்கள் அரிப்பைப் பற்றி நிறையச் சொல்லும். மணல் துகள் கனமானது, நகர்த்துவது கடினம். களித்துகள் மிகமிகச் சின்னது, 0.002 மில்லிமீட்டருக்கும் கீழே, ஆனால் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் வண்டல் துகளுக்குக் கனமும் இல்லை, பிடிப்பும் இல்லை. அதனால் வண்டல் அதிகமுள்ள மண்தான் தண்ணீருக்குச் சுலபமாக வசப்படும்.

நான்காம் படி: மூன்று பாட்டில்கள்

அறிவியல் கண்காட்சிகளில் இந்தச் சோதனையை அடிக்கடி பார்க்கலாம். புல் உள்ள பாட்டிலில் தெளிந்த நீர், புல் இல்லாததில் கலங்கிய நீர் என்று வைத்துவிட்டுக் கைகட்டி நிற்பார்கள். அளக்காவிட்டால் அது அலங்காரம்தான். நீங்கள் அளந்து செய்யுங்கள்.

இரண்டு லிட்டர் பாட்டில்கள் மூன்றைப் படுக்கவைத்து மேல்பக்கத்தைச் செவ்வகமாக வெட்டுங்கள். வெட்டும்போது பெரியவர் உதவி வேண்டும். மூன்றிலும் ஒரே மண்ணை, ஒரே எடையில், வாய்ப்பகுதியின் விளிம்பு மட்டம் வரை நிரப்பி ஒரே அளவு அழுத்துங்கள். முதல் பாட்டில் வெறும் மண். இரண்டாவதில் மண் தெரியாதபடி காய்ந்த இலையோ வைக்கோலோ பரப்புங்கள், விவசாயிகள் மூடாக்கு என்று சொல்வது இதைத்தான். மூன்றாவதில் கேழ்வரகை நெருக்கமாக விதைத்துப் பதினைந்து நாள் வளர விடுங்கள். வெந்தயம் சீக்கிரம் முளைக்கும், ஆனால் கேழ்வரகின் சல்லிவேர் மண்ணை நன்றாகப் பின்னிப் பிடிக்கும். அதுவரை மற்ற இரண்டு பாட்டில்களுக்கும் அதே அளவு தண்ணீர் தெளித்து வாருங்கள், அப்போதுதான் ஈரம் ஒன்றுபோல இருக்கும்.

சோதனை நாளில் மூன்று பாட்டில்களிலும் வாய்க்கு எதிர்முனையின் கீழே ஒரே உயரத்தில் செங்கல் வைத்துச் சரிவாக்குங்கள். மூடியில் ஆணியால் துளை போட்ட பாட்டில்தான் மழை. 30 செ.மீ. உயரத்திலிருந்து 500 மில்லி தண்ணீரை ஒரே வேகத்தில் ஊற்றி, வாய் வழியாக வருவதைத் தனித்தனி டம்ளரில் பிடியுங்கள். முதலில் எவ்வளவு தண்ணீர் வெளியே வந்தது என்று அளந்து எழுதுங்கள். பிறகு எடை பார்த்துவைத்த வேட்டித் துணியை நான்காக மடித்து, கலங்கல் நீரை வடிகட்டுங்கள். துணியை வெயிலில் முழுக்கக் காயவைத்துத் திரும்ப எடை போட்டால் வித்தியாசம்தான் போன மண். ஒவ்வொன்றையும் மூன்று முறை செய்து சராசரி எடுங்கள். ஒவ்வொரு முறையும் மண்ணைப் புதிதாக நிரப்ப முடியாதே என்று கேட்கலாம். அப்படியானால் குழுவுக்கு ஒரு செட் என்று மூன்று குழுக்களாகச் செய்யுங்கள்.

முடிவில் இரண்டாவது பாட்டிலைத்தான் நீங்கள் நிதானமாக யோசிக்க வேண்டும். அதில் ஒரு வேர்கூட இல்லை. சும்மா சருகு கிடக்கிறது. இருந்தும் வெறும் மண்ணோடு ஒப்பிட்டால் இழப்பு மிகவும் குறைந்திருக்கும், வெளியே வந்த தண்ணீரும் குறைவாக இருக்கும். துளி நேராக மண்ணில் அடிக்கவில்லை, அதனால் மண்கட்டி உடையவில்லை, துளைகள் அடைபடவில்லை, தண்ணீர் உள்ளே இறங்க வழி இருந்தது. அரிப்பு ஓடையில் தொடங்குவதில்லை, முதல் துளி விழும் இடத்தில் தொடங்குகிறது. சுவரில் அளந்த அந்த இரண்டு எண்களை இப்போது எடுத்துப் பாருங்கள், அவையும் இதையே சொல்லும். பள்ளிகளில் சருகைப் பெருக்கி எரிக்கும் பழக்கம் எனக்கு வருத்தம் தருவது இதனால்தான். அந்தச் சருகை மரத்தடியிலேயே பரப்பலாம்.

காற்றுக்கு ஒரு சின்னச் சோதனை போதும். இரண்டு தட்டில் மணல், ஒன்று காய்ந்தது, ஒன்று லேசாக நனைத்தது. அட்டையால் விசிறிப் பாருங்கள். இதைப் பெரிய அளவில் காண்பது தூத்துக்குடி மாவட்டத்துத் தேரிக்காட்டில். குதிரைமொழித் தேரியில் செக்கச்செவேல் என்ற மணல்மேடுகள் உண்டு. தென்மேற்குப் பருவத்தில் அங்கே மழை அதிகம் கிடையாது, வறண்ட காற்றுதான் பலமாக வீசும். காய்ந்த மணல் கிளம்பிவிடும். பனையும் முந்திரியும் நின்று மணலைப் பிடித்துவைத்திருக்கின்றன.

ஐந்தாம் படி: மட்டம் பார்த்து ஒரு வரப்பு

இனி உங்கள் வளாகத்தில் மண் ஓடும் ஒரு சரிவைத் தேர்ந்தெடுத்து, தலைமையாசிரியரிடம் அனுமதி வாங்கி, நிறுத்திப் பாருங்கள். முதலில் மூட வேண்டும், அடுத்து தண்ணீரின் வேகத்தைக் குறைக்க வேண்டும், கடைசியாக வந்த மண்ணைப் பிடிக்க வேண்டும். பலரும் கடைசியிலிருந்து தொடங்கி, பள்ளமான பிறகு கல்லைப் போட்டு அடைக்கிறார்கள். அதற்கு உழைப்பு அதிகம், பலன் குறைவு.

மூடுவது எப்படி என்று தெரிந்துவிட்டது. வேகத்தைக் குறைக்க, சரிவுக்குக் குறுக்கே சமமட்டத்தில் வரப்பு போட வேண்டும். கண்மட்டத்தில் போட்டால் தவறும். வரப்பு ஒரு பக்கம் தாழ்ந்திருந்தால் தண்ணீர் முழுக்க அந்த மூலைக்கு ஓடி அங்கேயே உடைத்துக்கொண்டு போகும். மட்டம் பார்க்க ஒரு சட்டம் நாமே செய்யலாம்.

ஆறடிக் குச்சி இரண்டை மேல்முனையில் சேர்த்துக் கட்டி, கால்களை நாலடி அகலத்துக்கு விரித்து, நடுவில் குறுக்குக் கட்டை ஒன்றைக் கட்டுங்கள். உச்சியிலிருந்து நூலில் ஒரு கல்லைத் தொங்கவிடுங்கள், கொத்தனாரின் தூக்குக்குண்டு மாதிரி. நூல் குறுக்குக் கட்டையை உரசியபடி தொங்க வேண்டும். சட்டத்தைத் தரையில் நிறுத்தி, கால்கள் நிற்கும் இரண்டு இடத்திலும் அடையாளம் வையுங்கள். நூல் நின்ற இடத்தில் கட்டையின் மேல் ஒரு கோடு. பிறகு கால்களை இடம் மாற்றி, அதே அடையாளங்களின் மேல் நிறுத்தி, இன்னொரு கோடு. இரண்டு கோடுகளுக்கும் சரியாக நடுவில் மூன்றாவது கோடு போடுங்கள், அதுதான் மட்டக்கோடு. நூல் அதில் நிற்கும்போதெல்லாம் இரண்டு கால்களும் ஒரே உயரத்தில் இருக்கின்றன என்று பொருள். குச்சிகள் கொஞ்சம் கோணலாக இருந்தாலும் கணக்கு தப்பாது.

இப்போது சரிவில் ஒரு முனையில் தொடங்குங்கள். ஒரு காலை ஊன்றி, மற்றதை மேலும் கீழும் நகர்த்தி, நூல் மட்டக்கோட்டுக்கு வந்ததும் அங்கே ஒரு குச்சி நடுங்கள். அந்தக் குச்சியிலிருந்து அடுத்தது. குச்சிகள் வளைந்து வளைந்து போகும், நேராக்க வேண்டாம். அந்தக் கோட்டில் ஒரு அடி அகலம், முக்கால் அடி ஆழம் பள்ளம் வெட்டி, மண்ணைச் சரிவின் கீழ்ப்பக்கத்தில் வரப்பாகப் போட்டு மிதித்து இறுக்குங்கள். வரப்பின் மேல் வெட்டிவேர்த் தூரைப் பிரித்து 10 முதல் 15 செ.மீ. இடைவெளியில் நட்டுவிட்டால் ஒரு வருடத்தில் வேலி மாதிரி அடைத்துக்கொள்ளும். அதன் வேர் பக்கவாட்டில் பரவாமல் நேராகக் கீழே இறங்கும், நல்ல மண்ணில் 3 மீட்டர் வரைகூடப் போகும். ஏரிக்குக் கலிங்கு இருப்பது போல உங்கள் வரப்புக்கும் மிகுந்த நீர் வழிய ஒரு இடம் வேண்டும். ஓரத்தில் கொஞ்சம் தாழ்த்தி, அங்கே கல் பரப்புங்கள்.

இதே வேலையை மலையில் பெரிய அளவில் செய்ததுதான் நீலகிரியின் படிமட்ட வயல்கள். உருளைக்கிழங்கும் கேரட்டும் போடுகிறவர்கள் அறுவடைக்கு மண்ணைக் கிளறியே ஆக வேண்டும், கிளறிய மண் மழையில் நிற்காது. அதனால் சரிவைப் படிப்படியாக வெட்டி, ஒவ்வொரு படியையும் மலைப்பக்கமாக உள்நோக்கிச் சாய்த்திருப்பார்கள். மழைநீர் விளிம்பில் வழியாமல் உள்பக்க வடிகாலில் சேர்ந்து நிதானமாக இறங்கும். உதகமண்டலத்தில் மண், நீர்ப் பாதுகாப்புக்கென்றே 1950களிலிருந்து ஆராய்ச்சி மையம் ஒன்று இயங்குகிறது.

தப்பித்துப் போன மண்ணைத் திரும்பக் கொண்டுவரவும் நம் ஊரில் வழி உண்டு. கோடையில் ஏரி வற்றியதும் வண்டலை அள்ளி வயலுக்கு அடிக்கும் பழக்கம் பழையது, இப்போது அரசு அனுமதி வாங்கி விவசாயிகள் எடுக்கிறார்கள். ஏரிக்கும் ஆழம் கிடைக்கிறது, வயலுக்கும் சத்து கிடைக்கிறது.

ஆறாம் படி: நின்றதா என்று பார்ப்பது

வரப்புக்கு மேலே நான்கு, கீழே நான்கு என்று ஓரடி நீள இரும்புக் கம்பிகளை, 10 செ.மீ. மட்டும் வெளியே தெரியும்படி அடித்து வையுங்கள். முனையில் துணியோ பெயின்ட்டோ இருக்கட்டும், யாரும் காலில் இடித்துக்கொள்ளக்கூடாது. ஆட்கள் நடமாடாத இடமாகவும் பாருங்கள். மாதம் ஒருமுறை, பெருமழைக்குப் பிறகு ஒருமுறை, வெளியே தெரியும் நீளத்தை அளந்து தேதியோடு எழுதுங்கள். 10 செ.மீ. 10.3 ஆனால் 3 மில்லிமீட்டர் மண் போயிருக்கிறது. 9.6 ஆனால் 4 மில்லிமீட்டர் வந்து சேர்ந்திருக்கிறது.

மில்லிமீட்டர்தானே என்று விட்டுவிடாதீர்கள். ஒரு ஏக்கர் என்பது ஏறக்குறைய 4,047 சதுர மீட்டர். அதில் ஒரு மில்லிமீட்டர் மண் போனால் 4 கன மீட்டர். மணல், ஜல்லி விற்கும் கணக்கில் கிட்டத்தட்ட ஒன்றரை யூனிட் (ஒரு யூனிட் 100 கன அடி), எடையில் 5 டன்னுக்கு மேல். அப்படிப் போவது மக்கிய இலைதழையும் சத்தும் நிறைந்த மேல்மண்.

முதல் பெருமழையில் வரப்பு எங்காவது உடைந்தால், உடைந்த இடத்தில் மட்டும் சட்டத்தை வைத்துத் திரும்ப மட்டம் பாருங்கள். பெரும்பாலும் அங்கே ஒரு அங்குலமாவது தாழ்ந்திருக்கும். அதை உயர்த்தி மிதித்துவிட்டு, கலிங்கின் அகலத்தைக் கொஞ்சம் கூட்டுங்கள். பள்ளத்தில் சேர்ந்த சேற்றை வெளியே கொட்டாமல் வரப்பின் மேலேயே அள்ளிப் போடுங்கள். அடுத்த ஆண்டு நோட்டையும் சட்டத்தையும் கீழ் வகுப்புக்குக் கொடுத்துவிட்டால் கம்பிகளின் அளவு விட்டுப்போகாமல் தொடரும்.